ஆள் இருக்கிற வீடு

மே மாதம் வந்துவிட்டால் அத்தைக்கு ஒரே நேரத்தில் ஐந்தாறு வீடுகள் இருக்கும். காலைக் காப்பியை மூன்றாம் மாடியில் போடுவாள், துணியை முதல் மாடியில் துவைப்பாள், மத்தியானச் சமையலை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வாள். எல்லாம் லீவுக்கு ஊருக்குப் போனவர்கள் விட்டுப்போன வீடுகள். சாவிகள் அத்தனையும் ஒரு பழைய பாவாடை நாடாவில் கோத்து அவள் இடுப்பில் தொங்கும். அவள் கணவரை நாங்கள் மாமா என்போம். வேலை விட்டு வந்ததும் மாமா படிக்கட்டின் அடியில் நின்று மூக்கை உயர்த்துவார். எந்த மாடியிலிருந்து தாளிக்கிற வாசனை வருகிறதோ அங்கே ஏறிப் போய், அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார். மே மாதம் முழுக்க நான் விருந்தாளி என்று சொல்லிச் சிரிப்பார். அத்தை சிரிக்க மாட்டாள்.

ஆளில்லாத வீட்டை ஆள் இருக்கிற வீடாகக் காட்டுவது. அதுதான் அவள் வேலை. யாரும் அவளிடம் கொடுத்த வேலை இல்லை. முதலில் எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்கள் சாவியைக் கொடுத்தன. அப்புறம் மராத்திக்காரர்களும் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் பாஷையிலும் சாவிக்குச் சாவிதான் பெயர் என்பதால் கட்டடம் முழுக்க அவளுக்கு சாவிவாலி மாவ்ஷி, அதாவது சாவிக்காரச் சித்தி, என்ற பட்டம் நிலைத்தது.

நான் சொல்வது தொண்ணூறுகளின் பின்பாதி. பூனாவை ஒட்டிய கசார்வாடியில் பழைய மும்பை சாலைக்குப் பின்னால், லேத் பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் முடிகிற இடத்தில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி இருந்தது. அப்பாவுக்கு போசரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அத்தை எதிர்வீடு. ரத்த உறவு ஒன்றும் கிடையாது. எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கம் என்பதால் வந்த முதல் நாளே அப்பாவை அண்ணாச்சி என்றாள். அதனால் அம்மா அவளுக்கு மைனி ஆனாள், அம்மாவுக்கு அவளும் மைனி, எனக்கு அத்தை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு முறை வைத்துக் கூப்பிடாவிட்டால் அடுத்த பேச்சு ஓடாது.

திருடர்களைப் பற்றி அத்தை வைத்திருந்த கணக்கே வேறு. கள்ளன் பூட்டைப் பார்த்து வருவதில்லை, வாசலைப் பார்த்து வருகிறான் என்பாள். மராத்தி வீடுகளில் நிலைப்படி ஓரமாகச் சின்னதாக ரங்கோளி போடுவார்கள். நம்மவர்கள் வாசலை அடைத்துக் கோலம் போடுவார்கள். தினமும் கோலம் கிடக்கிற வாசலில் ஒரு நாள் கோலம் இல்லையென்றால் தபால்காரனுக்குக்கூட வீட்டில் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும். ஆகவே ஊருக்குப் போனவர்களின் வாசலிலெல்லாம் அத்தை கோலம் போட்டாள். அதுவும் ஒரே கை போட்டது என்று தெரியக்கூடாதாம். எங்கள் வாசலில் அம்மா போடுகிற மாதிரி நெருக்கிப் புள்ளி வைப்பாள், இரண்டாம் மாடியில் அந்த வீட்டுக்காரி மாதிரிக் கோணலாகப் போடுவாள்.

அப்புறம் துணி. ஊருக்குப் போகிறவர்களிடம் ஆம்பளைச் சட்டை இரண்டை வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்வாள். தினமும் நனைத்துப் பிழிந்து அவரவர் பால்கனிக் கொடியில் போடுவாள். காய்ந்த துணி கிடந்த இடத்திலேயே கிடந்தால் கள்ளன் கண்டுபிடித்துவிடுவான், ஈரம் சொட்ட வேண்டும் என்பது சட்டம். குக்கர் விசில் சத்தம் வெளியே கேட்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். ஊரிலிருந்து திரும்பி வந்ததும் சிலிண்டர் எடை குறைந்திருப்பதைப் பார்த்து அம்மா முணுமுணுப்பாள். அப்பா மட்டும், நாம் இருக்கும்போது இருப்பதைவிட நாம் இல்லாதபோதுதான் நம் வீடு கலகலப்பாக இருக்கிறது என்பார்.

ஒரு முறை நாங்கள் சொன்ன தேதிக்கு முன்பாகவே வந்துவிட்டோம். அம்மாவும் அப்பாவும் ஆட்டோவிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்க, நான் முதலில் படி ஏறினேன். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து யாரோ என் பெயரைச் சொல்லித் திட்டுகிற சத்தம் கேட்டது. ஏட்டி, இன்னும் குளிக்கலியா, தலைய விரிச்சிப் போட்டுக்கிட்டு என்ன படிப்பு என்று அப்படியே அம்மாவின் குரல். அம்மா கீழே நிற்கிறாள், நான் வெளியே நிற்கிறேன். உள்ளே அம்மாவும் இருக்கிறாள், நானும் இருக்கிறேன். கதவைத் தட்டக் கை வரவில்லை. அத்தை கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் வெட்கப்படவும் இல்லை, திடுக்கிடவும் இல்லை. இவ்வளவு சீக்கிரம் வருவதாக இருந்தால் சொல்லியிருக்கக் கூடாதா, இன்னும் ஒரு ஆள் சோறு வைத்திருப்பேனே என்று கேட்டாள். இதைச் சொல்லி வெகுநாள் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

அவள் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. கசார்வாடிக்கு வருவதற்கு முன் அவர்கள் பூனாவின் மறுகோடியில் ஹடப்சரில் இருந்தார்கள். தம்பி கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோது பூட்டு உடைந்திருந்தது. போனது என்னவோ கொஞ்சம் வெள்ளியும் ஒரு டேப் ரிக்கார்டரும்தான். ஆனால் வந்தவன் உடனே போகவில்லை, இரண்டு மூன்று நாள் தங்கியிருக்கிறான். அவர்கள் அரிசியை வடித்து, அவர்கள் ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டு, அவர்கள் பாயில் படுத்து எழுந்திருக்கிறான். இதைச் சொல்லும்போதெல்லாம் அத்தையின் குரல் இறங்கிவிடும்.

"தட்டைக் கழுவிக் கவுத்து வச்சிட்டுப் போயிருக்காம்ட்டி. என் வீட்டுல, நான் வைக்கிற இடத்துல."

வீடு சும்மா கிடந்தால் வேறு எவனாவது குடியிருப்பான் என்பது அவள் முடிவு. அதை யாராலும் அவளிடமிருந்து பிடுங்க முடியவில்லை. அவள் முறை பலித்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கோடையில் எங்களுக்குப் பின்வரிசைக் கட்டடத்தில் பட்டப்பகலில் மூன்று வீடுகளை உடைத்தார்கள். எங்கள் கட்டடத்தில் அதைவிட அதிக வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன, ஒரு கதவைக்கூட யாரும் தொடவில்லை. அன்றிலிருந்து எங்களுக்கு அவள் மேல் இருந்த கேலி போய் மரியாதை வந்தது. இப்போது நான் ஹடப்சரில்தான் இருக்கிறேன். வாசலில் செக்யூரிட்டி, லிஃப்டில் கேமரா, வருகிறவர் பெயரை இன்டர்காமில் கேட்டு உள்ளே விடுகிற ஏற்பாடு எல்லாம் உண்டு. எதிர்வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறாரா இல்லையா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

நான் கல்லூரியில் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்த மே மாதம். வழக்கம்போல அத்தையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனோம். போன இடத்தில் அப்பா ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வந்து, மாரை என்னவோ செய்கிறது என்றார். டாக்டர் வீட்டு வாசல் வரைக்கும்கூடப் போய்ச் சேரவில்லை. அன்று சாயங்காலமே என் தாய்மாமன் பூனாவுக்குப் போன் செய்தார். எங்களுக்குப் போன் கிடையாது, அத்தை வீட்டுக்குத்தான் செய்தார். வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் அத்தை சொன்னாளாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மாமன் ஊரோடு வந்துவிடச் சொன்னார். என் படிப்பு முடியட்டும் என்று அம்மா மறுத்துவிட்டாள். ஊரில் அழுகை என்பது கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டது, யாராவது வருவார்கள், கட்டிப் பிடிப்பார்கள், சேர்ந்து அழுவார்கள். அம்மாவுக்கு இன்னும் அழுகை மிச்சம் இருந்தது. அது அவள் வாழ்ந்த வீட்டில், அப்பா நடமாடிய இடத்தில், தெரிந்த முகங்களின் முன்னால் அழவேண்டிய அழுகை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று அவள் ரயிலில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆட்டோ சந்துக்குள் திரும்பியதும் அம்மா என் கையைப் பிடித்தாள். எங்கள் பால்கனிக் கொடியில் அப்பாவின் நீலக் கட்டம் போட்ட சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேலே ஏறினால் வாசலை அடைத்துக் கோலம். துட்டி, அதாவது சாவு, விழுந்த வீட்டு வாசலில் எங்கள் பக்கம் கோலம் போடுவதில்லை. அம்மா அதை மிதிக்கவும் மாட்டாமல் தாண்டவும் மாட்டாமல் நின்றாள். உள்ளே குக்கர் விசில் அடித்தது. அம்மாவின் வாய் கோணி, ஒரு சத்தம் கிளம்பியது. அதற்குள் அத்தை கதவைத் திறந்து, எங்கள் இரண்டு பேரையும் உள்ளே இழுத்து, கதவைச் சாத்திவிட்டாள்.

"அழாதீய மைனி. சத்தம் வெளிய போவக் கூடாது. இங்க ஒருத்தருக்கும் தெரியாது. நான் சொல்லல."

அவள் நிஜமாகவே யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒரு வீட்டில் சாவு என்றால் அந்த வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் என்று கள்ளனுக்குத் தெரியுமாம். அதனால் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கோலம் போட்டிருக்கிறாள், வழக்கத்தைவிட அதிகமாகச் சட்டைகளை நனைத்துப் போட்டிருக்கிறாள். அம்மா உள்ளே நடந்தாள். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்தினம் அப்பா போட்டுக் கழற்றிய சட்டையை அங்கேதான் மாட்டியிருந்தார். ஆணி வெறுமையாக இருந்தது. கொடியில் சொட்டிக்கொண்டிருந்ததுதான் அது. சாயங்காலம் அத்தை போன பிறகு அம்மா அதை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, திரும்பவும் கொடியில் போட்டுவிட்டாள். சோப்பு வாசனை அறை முழுக்க அடித்தது.

மறுநாளிலிருந்து அத்தை எங்களையும் காவலில் சேர்த்துக்கொண்டாள். பூட்டிய வீட்டைவிட மோசம், ஆம்பளை இல்லாத வீடு. வயசுப்பிள்ளை வேறு இருக்கிறாள். அண்ணாச்சி போய்விட்டார் என்று தெரிந்தால் பட்டறைக்காரப் பையன்களே பைப்பில் ஏறுவான்கள். கொஞ்ச நாளைக்கு வெளியே தெரிய வேண்டாம், நான் சொல்வதை மட்டும் கேளுங்கள் என்றாள். அம்மா பயந்திருந்தாள். நானும்தான். அத்தை சொன்னால் சரியாக இருக்கும் என்று பழகிப்போயிருந்தோம். அவள் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து அம்மாவின் நெற்றியில் வைத்தபோது அம்மா தடுக்கவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். எல்லாரும் சேர்ந்து துடைத்த பொட்டு அது. திரும்ப வந்ததே என்று எனக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

அப்பாவுக்கு நைட் ஷிப்ட் போட்டிருக்கிறார்கள், பகலில் தூங்குகிறார் என்று அத்தை எல்லாரிடமும் சொன்னாள். காய்கறி வண்டிக்காரன் எங்கள் மாடிக்குக் கீழே வந்து கூவினால் ஜன்னலைத் திறந்து வாயில் விரலை வைப்பாள். காம்பவுண்டில் கிரிக்கெட் ஆடுகிற பிள்ளைகளை விரட்டுவாள். அந்தப் பிள்ளைகள் எங்கள் கதவைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் போவார்கள். உள்ளே நானும் அம்மாவும் உட்கார்ந்து அந்த நடையைக் கேட்டுக்கொண்டிருப்போம். செத்துப்போன மனுஷனின் தூக்கம் கலையக் கூடாது என்று கட்டடம் முழுக்க மெதுவாகப் பேசியது. தொழிற்சாலைக்கு மட்டும் மாமன் ஊரிலிருந்தே தந்தி கொடுத்திருந்ததால் அப்பாவின் நண்பர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு துட்டி கேட்க வந்தார்கள். அத்தை சந்து முனைக்கே போய் நின்று, அவர்களை வழியில் யாரிடமும் பேசவிடாமல் கல்யாண வீட்டுக்கு அழைத்து வருவதுபோல அழைத்து வந்தாள். அம்மா அவர்கள் முன்னாலும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டுதான் அழுதாள்.

தினமும் காலையில் சட்டையை நனைக்கிற வேலை அம்மாவுக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பூனா மழையில் துணி காயாது. அப்பாவின் சட்டைகள் ஒவ்வொன்றாகப் பூசணம் பிடித்து நாற ஆரம்பித்தன. அம்மாவுக்கு அந்த வீட்டில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் புருஷன் செத்துப்போனார் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் அங்கே வழியில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வட பௌர்ணமி வந்தது. மராத்திப் பெண்களுக்கு அது பெரிய நாள். கட்டுக்கழுத்திகள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆலமரத்துக்குப் போவார்கள். மரத்தைச் சுற்றி நூல் சுற்றி, ஏழு பிறவிக்கும் இதே கணவன் வேண்டும் என்று கேட்டுக்கொள்வார்கள். ஒவ்வொரு வருஷமும் கீழ்வீட்டுக் காகூ, எங்களிடம் நல்ல பிரியம் வைத்திருந்த மராத்திக்கார அம்மாள், அம்மாவையும் அழைத்துக்கொண்டு போவாள். அந்த வருஷமும் தாம்பாளத்தில் மாம்பழமும் நூலும் மஞ்சள் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். சலா வஹினி, கிளம்புங்கள் அண்ணி, மழை வருவதற்குள் போய்விடுவோம் என்றாள். அம்மாவின் நெற்றிக் குங்குமத்தின் மேலேயே இன்னொரு முறை குங்குமம் வைத்தாள்.

அத்தை எங்கள் சமையலறையில்தான் இருந்தாள். காகூவுக்குத் தமிழ் தெரியாது என்பதால் சாதாரணக் குரலிலேயே சொன்னாள்.

"போயிட்டு வாங்க மைனி. போவலன்னா ஏன்னு கேப்பாவ. ஒரு சுத்து சுத்திட்டு வந்துருங்க."

அம்மா அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். எனக்கு மனசு கேட்கவில்லை, பின்னாலேயே போனேன்.

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அந்த ஆலமரம். தூறலில் குடை பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மரத்தில் வெள்ளை நூல் பட்டை பட்டையாக ஏறியிருந்தது. காகூ நூல்கண்டை அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா ஒரு சுற்று முழுதாகப் போனாள். அவள் உதடு அசைவதைப் பார்த்தேன், என்ன வேண்டிக்கொண்டாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. இரண்டாவது சுற்றில் பாதியில் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் அவள் மேல் முட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மாவுக்கு இந்தி முக்கால், மராத்தி அரைகுறை. இரண்டையும் கலந்து, நூல்கண்டை நீட்டியபடி சொன்னாள். தன் கணவர் போன மாதம் ஊரில் இறந்துவிட்டார், நெஞ்சுவலியில் இறந்துவிட்டார், எரித்தாகிவிட்டது, காரியமும் முடிந்துவிட்டது, அவர் பகலில் தூங்கவில்லை. ஒரே மூச்சில் சொன்னாள்.

சிலர் சட்டென்று விலகினார்கள். ஒருத்தி தன் நூலை அம்மாவின் நூலோடு சேராமல் இழுத்துக்கொண்டாள். பிறகு எதற்கு நெற்றியில் குங்குமம் என்று யாரோ கேட்டார்கள். அதைக் கேட்டதும் அம்மா மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாக அடைத்துவைத்திருந்த அழுகை வெளியே வந்தது. என் அம்மா அப்படி அழுது அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. குங்குமம் வைத்த காகூதான் அவளைத் தூக்கி நிறுத்தினாள். தன் பூஜையை விட்டுவிட்டு, தாம்பாளத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அம்மா சந்து முழுக்க அப்பாவைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டே வந்தாள்.

சத்தம் எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அத்தை படி உச்சியில் நின்றிருந்தாள். அவள் முகம் பயந்துபோயிருந்தது. காகூ கீழேயே நின்றுகொண்டாள்.

"என்ன காரியம் செஞ்சிட்டீய மைனி. இன்னிக்கே ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருமே. வயசுப்புள்ளைய வச்சிக்கிட்டு நாளைக்கு என்ன செய்வீய?"

அம்மா அவளைத் தாண்டிக்கொண்டு ஏறினாள். உள்ளே போய்க் கொடியிலிருந்த சட்டைகளை எல்லாம் உருவி, தரையில் போட்டாள். பிறகு திரும்பி வந்து கையை நீட்டினாள்.

"சாவியத் தாங்க மைனி."

"நான் என்ன எனக்கா செஞ்சேன்? ஒரு துரும்பு போயிருக்கா இந்த வீட்டுலேர்ந்து?"

"ஒண்ணும் போவல. எல்லாம் வச்சது வச்ச எடத்துல இருக்கு. அவுக போட்டுக் கழட்டுன சட்ட ஒண்ணு கதவுக்குப் பின்னால மாட்டியிருந்துச்சு. அத மட்டும் தொவச்சிட்டீய. அதுல அவுக வேர்வ இருந்துச்சு மைனி. அதுக்காகத்தான் நான் ஊருலேர்ந்து திரும்பி வந்தேன்."

அத்தை இடுப்பு நாடாவை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் கிள்ளி, பல்லால் கடித்து, எங்கள் சாவியை மட்டும் உருவி எடுக்க வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, களவு போனால் போகட்டும் என்றாள்.

அந்த வாரம் முழுக்கத் துட்டி கேட்க ஆட்கள் வந்தார்கள். கீழ்வீட்டுக் காகூ தினமும் வந்து அம்மாவுக்குச் சாதம் ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். மரத்தடியில் நூலை இழுத்துக்கொண்டவள்கூட வந்தாள். அத்தை கொடுத்தனுப்பிய சட்டைகளைத் தேய்த்து வந்த இஸ்திரிக்காரர் வாசலிலேயே நின்று, நேற்று வரைக்கும் சாகேபின் சட்டையைத் தேய்த்தேனே என்று விசும்பினார். நுனிக்காலில் நடந்த பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அம்மா வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னாள். குளித்துவிட்டு வந்தார், மாரை என்னவோ செய்கிறது என்றார், டாக்டர் வீடு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. சொல்லச் சொல்ல அவள் முகம் பழையபடி ஒரு மனுஷியின் முகமாக ஆனது.

மாமாவும் வந்தார். தனியாகத்தான் வந்தார். போகும்போது படிக்கட்டில் என்னை நிறுத்தி, உன் அத்தையைத் தப்பாக நினைக்காதே என்றார். போன் வந்த அன்று அவள் எங்கள் வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய், குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் உட்கார்ந்து அழுதாளாம். அண்ணாச்சி அண்ணாச்சி என்று அழுதாளாம். தேடிப் போன மாமாவின் வாயைப் பொத்தி வெளியே தள்ளிவிட்டாளாம். அந்த வீட்டுக்குள் அப்பாவுக்காக முதலில் அழுதவள் அவள்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அவள் மேல் இருந்த கோபம் அப்போது பாதி போயிற்று. மீதி பாதி இன்னும் இருக்கிறது. அவள் எங்களைக் காத்தாளா, எங்கள் வீட்டுக்குள் இன்னொருத்தியாகக் குடியிருந்தாளா என்று இத்தனை வருஷம் கழித்தும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று சில சமயம் தோன்றுகிறது.

எல்லாரும் வந்து போனபிறகு, கடைசியாக ஒரு மத்தியானம் அழைப்புமணி அடித்தது. அம்மா எழுந்து போய் மரக்கதவைத் திறந்தாள். வெளிப்பக்கம் கம்பிக்கதவு, இங்கே சேஃப்டி டோர் என்பார்கள், அது சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் அத்தை நின்றாள். எத்தனையோ வருஷமாக எதிர்வீட்டில் இருந்தவள், எங்கள் வீட்டு மணியை அடித்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. பொட்டு சின்னதாக இருந்தது. முறைப்படி துட்டி கேட்க வந்திருந்தாள்.

அம்மா தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்களிடம் கம்பிக்குப் பின்னால் நின்று பேசி அனுப்பிவிடுவார்கள். அம்மாவும் அப்படித்தான் செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு திறந்தாள்.

அத்தை உள்ளே வந்தாள். அவள் சமையலறைப் பக்கம் திரும்பவில்லை, ஜன்னல் கொக்கிகளைப் பார்க்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்த பாயில், சுவரோரமாக உட்கார்ந்தாள். அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அண்ணாச்சி என்று ஆரம்பித்தாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் இந்த நேரத்தில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். அம்மா எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரில் யாராவது ஒருத்தர் கையை நீட்ட வேண்டுமே என்று நான் தவித்தேன். யாரும் நீட்டவில்லை.

கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அத்தை எழுந்தாள். துட்டி கேட்கப் போன வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். அது எங்கள் பக்கத்து முறை. அத்தைக்கு முறையெல்லாம் நன்றாகத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் எழுந்து, ஒன்றும் சொல்லாமல் வெளியே போய், எதிர்க்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். என் படிப்பு முடிந்து நாங்கள் வீட்டைக் காலி செய்கிற வரைக்கும் அவள் அங்கேதான் இருந்தாள். எங்கள் வீட்டுக்குள் மறுபடி வரவே இல்லை.